மலைத்தோட்ட வீட்டில் செயற்கைக்கோள் இணையம்: ஈராண்டு அனுபவம்

பினாங்கு, பாலிக் புலாவ் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் டுரியான் தோட்டத்து வீட்டிற்குக் கண்ணாடியிழை இணைப்பு இன்னும் வரவில்லை. கைப்பேசி அலைவரிசையும் வாசல் ரம்புத்தான் மரத்தடியில் நின்றால்தான் கிடைக்கும் என்பதால், ஈராண்டுகளுக்கு முன் செயற்கைக்கோள் இணையச் சேவை ஒன்றில் சேர்ந்தோம். வேகத்தில் குறை சொல்வதற்கில்லை. செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால், 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்ட பழைய வகையில் வரும் அரை நொடித் தாமதம் இதில் இல்லை. ஜார்ஜ் டவுனிலுள்ள பேரப்பிள்ளைகளோடு அப்பா தடங்கலின்றிப் பேசுகிறார். அடைமழையில் மட்டும் அவர்கள் முகம் திரையில் உறைந்துவிடும்.

செலவுதான் உறுத்துகிறது. மாதக் கட்டணம் இருமுறை உயர்ந்துவிட்டது. இரண்டாவது உயர்வு ஒரு மின்னஞ்சலின் கடைசி வரியில் ஒளிந்திருந்தது. கூரைமேல் உள்ள தட்டு இரவும் பகலும் 50 முதல் 75 வாட் வரை இழுப்பதால், மாதம் 36 முதல் 54 யூனிட் மின்சாரம் தனியாகச் செலவாகிறது. இதை விற்பனையாளர் எவரும் சொல்லவில்லை.

தாழ்சுற்றுப்பாதைச் செயற்கைக்கோளின் ஆயுள் சுமார் 5 ஆண்டுகளே என்பதால், புதியவற்றை ஓயாமல் ஏவிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடியிழை எட்டிய ஊர்களில் சந்தாதாரர்கள் விலக விலக, அந்தச் சுமை எங்களைப் போல மலைமேட்டில் குடியிருப்பவர்களின் தலையில்தான் விழும் என்று அஞ்சுகிறேன். 2020இல் அறிவிக்கப்பட்ட, மலேசிய அரசின் இணைய விரிவாக்கத் திட்டமான ஜெண்டேலாவின் பயன் இந்த மேட்டிற்கு ஏறிவரும் வரை சந்தாவைத் தொடர்வோம். தட்டு பழுதானால் இன்னொன்று வாங்குவதாக இல்லை.