வெனீரா, பாண்டிங்கா, கேப்பா, கிளிப்பா? சிரிப்பைச் சீராக்கும் சிகிச்சைகள்: ஓர் ஒப்பீடு

முன்பல் சற்று மஞ்சளாக இருக்கிறது, நடுவில் இடைவெளி, ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருக்கிறது, பக்கத்துப் பல் தெற்றிக்கொண்டு நிற்கிறது. இப்படி ஒரு வாயோடு நான்கு பல் மருத்துவர்களிடம் போனால் நான்கு வழிகள் சொல்வார்கள். நான்குமே தவறில்லாத வழிகளாக இருக்கலாம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பலரும் சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று எடுத்த படங்களை வைத்தே முடிவு செய்கிறார்கள். வேலை முடிந்த அன்று எல்லாச் சிகிச்சையும் படத்தில் அழகாகத்தான் இருக்கும். எது நல்லது என்பது பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். பல்லின் மேல்தோடான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதை உண்டாக்கும் செல்கள் பல் ஈறைக் கிழித்து வெளியே வருவதோடு மறைந்துவிடுகின்றன. சீவியது சீவியதுதான், திரும்ப வளராது. அதனால் இந்த ஒப்பீடு முழுவதும் நான் இரண்டு கேள்விகளை வைத்தே அளக்கிறேன்: இந்தச் சிகிச்சைக்கு என் பல்லில் எவ்வளவு போகும்? இது என்றாவது பழுதானால் அடுத்து என்ன செய்ய முடியும்?

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொத்தை, ஈறு வீக்கம், ரத்தக் கசிவு இருந்தால் அழகு வேலை எதுவும் அப்புறம்தான். ரத்தம் கசியும் ஈறுக்குப் பக்கத்தில் பசை சரியாக ஒட்டாது. ஈறு ஆறிச் சுருங்கியதும் ஒட்டிய ஓரம் வெளியே தெரியும். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பயப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈறுக்கடியில் சேர்ந்து இறுகும் அழுக்கான காரைதான் எலும்பைக் கரைத்துப் பல்லை ஆட வைக்கிறது. அதை எடுத்தால் பல்லுக்கு நல்லதுதான்.

நிறம் மட்டும்தான் பிரச்சினை என்றால்

பலருக்குச் சுத்தம் செய்தாலே போதும், வெளிக்கறை போய்விடும். உள்ளே இறங்கிய மஞ்சளுக்குத்தான் வெண்மையாக்கும் சிகிச்சை. அதில் இரண்டு வகை. மருத்துவர் நாற்காலியில் உட்கார வைத்து, 25 முதல் 40 விழுக்காடு வரை வீரியமுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி ஒரே அமர்வில் முடிப்பது ஒன்று. உங்கள் பல் அச்சில் செய்த மெல்லிய தட்டில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து, இரவில் மாட்டிக்கொண்டு தூங்குவது இன்னொன்று. இந்த இரவுத்தட்டு முறையை 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அந்த ஜெல்லில் இருந்து வருவது ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடுதான்.

நான் தட்டு முறையின் பக்கம். இரண்டு, மூன்று வாரம் பொறுமை வேண்டும். ஆனால் கூச்சம் குறைவு, வேண்டுமென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்ளலாம், போதும் என்று தோன்றும் நிறத்தில் நிறுத்தலாம். ஒரே அமர்வில் வரும் பளிச்சென்ற வெண்மையில் ஒரு பங்கு பல் உலர்ந்ததால் வருவது. ஈரம் திரும்பியதும் சில நாளில் அது இறங்கிவிடும். எலுமிச்சைச் சாறு, கரித்தூள் போன்ற வீட்டு வைத்தியங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன். அமிலம் எனாமலைக் கரைக்கும், கரி அதை உரசித் தேய்க்கும். எனாமல் மெலிந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

வெண்மையாக்கும் ஜெல்லால் ஏற்கெனவே உள்ள ஃபில்லிங், கேப் (பல்லை முழுக்க மூடும் உறை) எதுவும் நிறம் மாறாது. எனவே முதலில் வெண்மையாக்கி, இரண்டு வாரமாவது விட்டு, அந்த நிறத்துக்கு ஏற்ப மற்ற வேலைகளைச் செய்வதுதான் முறை. பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் வெளியேறாமல் பசை பிடிக்காது என்பதால்தான் அந்த இடைவெளி. வெள்ளைப் புள்ளிகள் இருப்பவர்களுக்கு ஜெல்லைவிட, ரெசின் என்ற பிசின் போன்ற பொருளை மெல்லியதாகப் புள்ளிக்குள் ஊறவைக்கும் முறை பல நேரங்களில் நன்றாக வேலை செய்கிறது. துளையிடத் தேவையில்லை.

அடிபட்டு உயிரிழந்து, வேர் சிகிச்சை செய்த ஒரே ஒரு முன்பல் மட்டும் கறுத்திருக்கிறதா? உடனே கேப் என்று முடிவு செய்யாதீர்கள். பல்லின் பின்பக்கத் துளை வழியாக மருந்தை உள்ளே வைத்து உள்ளிருந்தே வெளுக்க வைக்கலாம். பின்பக்கம் ஏற்கெனவே திறந்த பல்தானே. அதைச் சுற்றிலும் சீவுவதற்கு முன் இந்த வழியைக் கேட்டுப் பார்க்காமல் விடுவது பெரிய நஷ்டம்.

பாண்டிங்கும் வெனீரும்

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது.

பாண்டிங் என்றால் பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் ரெசினைப் பல்மேல் வைத்து, கையாலேயே வடிவம் கொடுத்து, நீல ஒளியில் இறுகச் செய்வது. 1955இல் மைக்கேல் புவோனகோர் என்பவர் பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் ரெசின் உறுதியாகப் பிடிக்கும் என்று காட்டினார். இன்றைய ஒட்டுச் சிகிச்சைகள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவைதான். சில்லு, இடைவெளி, குட்டையான ஓரம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் பல்லைச் சீவவே வேண்டாம். ஒரே அமர்வில் முடிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் தேய்த்து எடுத்துவிட்டுப் பழைய பல்லுக்கே திரும்பலாம். ஓரம் உடைந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. வழக்கமாக 5 முதல் 7 வருஷம் வரை நன்றாக இருக்கும். அதற்குள்ளேயே பளபளப்பு மங்கும், விளிம்பில் கறை பிடிக்கும், அவ்வப்போது மெருகேற்ற வேண்டியிருக்கும். இன்னொன்று, இது முழுக்க முழுக்கக் கைவேலை. ஒரே பொருளை வைத்து ஒருவர் பல்லுக்குள் தெரியும் மெல்லிய கண்ணாடித்தன்மைவரை கொண்டுவந்துவிடுவார், இன்னொருவர் கையில் வெள்ளைச் சாந்து பூசியதுபோல ஆகிவிடும். செய்பவர் தாம் செய்த வேலையின் படங்களை, குறிப்பாகச் சில வருஷம் ஆன பிறகு எடுத்தவற்றை, கேட்டுப் பார்ப்பதில் தயக்கமே வேண்டாம்.

வெனீர் என்பது பரிசோதனைக்கூடத்தில் செய்து வரும் மெல்லிய பீங்கான் ஓடு. 1930களில் கலிபோர்னியாவின் சார்லஸ் பிங்கஸ் திரைப்பட நடிகர்களுக்காக இதைச் செய்தார். அப்போது அது படப்பிடிப்பின்போது மட்டும் ஒட்டிக் கழற்றுவது. பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் முறை 1980களில் வந்த பிறகுதான் அது நிரந்தரச் சிகிச்சை ஆனது. பீங்கானில் கறை ஏறாது, ஒளி ஊடுருவும் விதம் பல்லைப்போலவே இருக்கும், 10 முதல் 15 வருஷம், பலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். அழகு என்ற ஒரே அளவுகோலில் வெனீர்தான் முந்துகிறது, அதை மறுப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் வெனீருக்குப் பொதுவாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை முன்பக்கம் சீவுவார்கள். கேட்க அற்பமாக இருக்கிறது. முன்பல்லில் ஈறை ஒட்டிய இடத்தில் எனாமலே அரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். கை கொஞ்சம் ஆழமாகப் போனால் டென்டின் வெளிப்படும். எனாமலில் ஒட்டிய வெனீர் பிடிக்கும் அளவுக்கு டென்டினில் ஒட்டியது பிடிப்பதில்லை, கூச்சமும் கூடும். அப்புறம், இது ஒருமுறை செய்து மறந்துவிடும் விஷயமில்லை. இருபத்தைந்து வயதில் வெனீர் போட்டவர் வாழ்நாளில் இரண்டு, மூன்று தடவையாவது மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு தடவை பழையதை அரைத்து எடுக்கும்போதும் பல் இன்னும் கொஞ்சம் மெலியும்.

இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டில் எதைத் தேர்ந்தாலும் இரவுக் காப்புத்தட்டு போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் இரண்டும் உடையும்.

என் தேர்வைக் கேட்டால், வயது குறைவு, குறையும் சின்னது என்றால் பாண்டிங். பல் முழுக்க ஆழமான கறை, எனாமலே சரியாக உருவாகாத பல், பாண்டிங் பலமுறை உடைந்துபோன வாய் என்றால் வெனீர். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பல்லைத் தொடுவதற்கு முன்பே வரப்போகும் பல்லின் மாதிரியை மெழுகில் செய்து, அதன் வடிவத்தைத் தற்காலிக ரெசினில் உங்கள் பல்மேலேயே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பேசிப் பாருங்கள், சிரித்துப் பாருங்கள், உதடு எங்கே படுகிறது என்று கவனியுங்கள். பல் நீளமாகிவிட்டால் ச, ஃப போன்ற ஒலிகள் மாறும். கணினித் திரையில் காட்டும் படத்தில் இது தெரியாது.

வெனீருக்குப் பதில் கேப்?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பேச வேண்டியதில்லை, ஆனால் அழுத்திச் சொல்ல வேண்டும். 2002இல் எடெல்ஹாஃப், சோரன்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், வெனீருக்குப் பல்லின் வெளித்தெரியும் பகுதியில் எடைப்படி 3 முதல் 30 விழுக்காடு வரை போகிறது, முழு கேப்புக்கு 63 முதல் 72 விழுக்காடு வரை போகிறது என்று அளந்து சொன்னார்கள். அப்படிச் சுற்றிலும் சீவப்பட்ட பற்களில் ஒரு பங்கு பின்னாளில் உள்நரம்பு செத்து வேர் சிகிச்சைக்கு வந்து நிற்கின்றன.

கேப் மோசமான சிகிச்சை என்று சொல்லவில்லை. வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பல், பாதிக்கு மேல் உடைந்த பல், பெரிய ஃபில்லிங்கால் விரிசல் விட்ட பல் ஆகியவற்றைக் காப்பாற்றுவது கேப்தான். அங்கே தயங்கினால் பல்லே பிளந்து போகும். சொத்தையில்லாத, உடையாத முன்பற்களை வரிசை அழகுக்காகவும் வெண்மைக்காகவும் முளைகளாகச் சீவிக் கேப் போடுவதுதான் எனக்குச் சம்மதமில்லாதது. "வெனீர்" என்று சொல்லிக்கொண்டே முழுக் கேப்புக்குச் சீவும் இடங்களும் உண்டு. அதனால் பல்லின் பின்பக்கத்தையும் சீவுவீர்களா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். ஆம் என்றால் அது பெரும்பாலும் கேப்.

கேப்பே தேவை என்றால் முன்பல்லுக்கு உலோகம் உள்ளே இருக்கும் பீங்கானைவிட முழுப் பீங்கான் அல்லது சிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைப் பீங்கான் வகை மேல். உலோகம் உள்ளதில் ஈறு சற்று இறங்கினாலே கறுப்புக்கோடு தெரியும்.

தெற்றுப்பல், எத்துப்பல்: நகர்த்துவதா, மூடுவதா?

கோணலான ஆறு பற்களை வெனீரால் மூடி, இரண்டே அமர்வில் நேராக்கிக் காட்டலாம். கிளிப் போட்டால் ஒன்று, இரண்டு வருஷம் ஆகும். அவசரத்தில் இருப்பவருக்கு முதல் வழி இனிக்கும். ஆனால் முன்னே துருத்திய பல்லை வெனீருக்குள் அடக்க அதை நிறையவே சீவ வேண்டும், அதுவும் நல்ல பல்லை. நகர்த்தினால் பல் முழுதாகவே இருக்கிறது. நகர்த்தி, வெளுக்க வைத்து, தேவைப்பட்ட ஓரத்தில் கொஞ்சம் பாண்டிங் வைத்தால் பலருக்கு வெனீர் தேவையே இல்லாமல் போகிறது. பல் மருத்துவர்களில் பலர் இன்று இந்த வரிசையைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

கிளிப்பா, அலைனரா? கழற்றி மாட்டும் ஒளிபுகு தட்டுகளான அலைனர்கள் 1990களின் கடைசியில் சந்தைக்கு வந்தன. வெளியே தெரியாது, சாப்பிடும்போது கழற்றலாம், பல் துலக்குவதும் சுலபம். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருந்தால்தான் வேலை செய்யும். கழற்ற முடிகிறது என்ற வசதியே பலருக்கு எதிரியாகிவிடுகிறது. மிகவும் திருகிய பல், பல் பிடுங்கி இடத்தை மூட வேண்டிய வாய், மேலே கீழே நிறைய நகர வேண்டிய பல் ஆகியவற்றுக்குக் கம்பி போட்ட கிளிப்பின் பிடி இன்னும் உறுதியானது. இரண்டிலும் முடிந்த பிறகு பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் ரீடெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடம் தேடிப் போகும். இரவில் மட்டுமாவது, நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும் காலம்வரை, போட வேண்டும்.

பல்லே இல்லாத இடத்தில்

இங்கே கழற்றி மாட்டும் பல், பக்கத்துப் பற்களில் தாங்கி நிற்கும் பிரிட்ஜ், தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் இம்பிளான்ட் மூன்றும் போட்டி. கழற்றி மாட்டுவதைத் தற்காலிக ஏற்பாடாக எடுத்துக்கொள்ளலாம். உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

பிரிட்ஜுக்கு இடைவெளியின் இருபுறப் பற்களையும் கேப்புக்குச் சீவ வேண்டும். அவற்றில் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங்கோ கேப்போ இருந்தால் நல்ல தேர்வு, சில வாரத்தில் முடிந்துவிடும். இரண்டும் பழுதில்லாத பற்கள் என்றால் ஒரு பல்லுக்காக இரண்டைக் காயப்படுத்துகிறோம். தூண்பல் ஒன்றில் சொத்தை வந்தால் மொத்தப் பிரிட்ஜும் போகும்.

இம்பிளான்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது. 1952இல் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் முயல் எலும்பில் பொருத்திய டைட்டானியம் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் எலும்பு அதைப் பிடித்துக்கொண்டதைக் கண்டார். 1965இல் யோஸ்டா லார்சன் என்ற நோயாளிக்குப் பொருத்தியவை நாற்பது வருஷத்துக்கு மேல் நின்றன. எலும்பும் டைட்டானியமும் இணைய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். புகைப்பவர்கள், கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்கள், எலும்பு மெலிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இம்பிளான்டுக்குச் சொத்தை வராது என்பது உண்மை, ஆனால் சுத்தம் செய்யாமல் விட்டால் சுற்றியுள்ள எலும்பு கரைந்து அதுவும் ஆடும்.

வளரும் வயதில் இம்பிளான்ட் கூடாது. பக்கத்துப் பற்கள் தாடையோடு சேர்ந்து இறங்கும்போது அது மட்டும் போட்ட இடத்திலேயே நின்றுவிடும், சிரிப்பில் ஒரு பல் மட்டும் மேலே ஏறியதுபோல் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளை முன்பல்லை இழந்தாலோ, பிறவியிலேயே பக்கவெட்டுப்பல் (நடு முன்பல்லுக்கு அடுத்த பல்) வராமல் இருந்தாலோ, சிறகு போன்ற ஒரே ஒரு தகட்டால் பக்கத்துப் பல்லின் பின்பக்கம் ஒட்டும் பிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. சீவுவது மிகக் குறைவு, சில நேரம் சீவவே தேவையில்லை. பெரியவர்களுக்கும் முன்பல்லில் அது பல வருஷம் நிற்கிறது. கழன்று வந்தால் பெரும்பாலும் அதையே எடுத்துப்போய் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். பக்கத்துப் பல்லுக்கும் பெரிதாக எதுவும் ஆகியிருக்காது.