பழைய திங்க்பேட்: டி430-ஆ, டி440எஸ்-ஆ?

கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்களை விற்கும் கடைகளில் லெனோவாவின் திங்க்பேட் டி430, டி440எஸ் இரண்டும் அடிக்கடி கண்ணில் படும். டி430 வந்தது 2012-ல், டி440எஸ் அடுத்த வருடம். இரண்டுக்கும் 14 அங்குலத் திரை. புதியதையே எடுக்கலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அப்கிரேடு செய்யும் எண்ணத்தோடு வாங்குபவருக்கு அந்த ஒரு வருடம் பெரிய இடைவெளி.

முதலில் மாடலைச் சரியாகப் பாருங்கள். டி440, டி440பி, டி440எஸ் மூன்றும் வேறு வேறு மெஷின்கள். டி430-க்கும் டி430எஸ் என்றொரு மெலிந்த தம்பி உண்டு. அடிப்பக்க ஸ்டிக்கரில் 'டைப்' எண் 20ஏகியூ அல்லது 20ஏஆர் என்று தொடங்கினால் டி440எஸ். டி430-ல் 2349 போல நான்கு இலக்க எண் இருக்கும். ஸ்டிக்கர் தேய்ந்திருந்தால் ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) போய்ப் பாருங்கள். அங்கே சூப்பர்வைசர் பாஸ்வேர்டு (பயாஸுக்கான பூட்டு) கேட்டு, கடைக்காரருக்கும் அது தெரியவில்லை என்றால் வாங்கவே வாங்காதீர்கள். போர்டில் இருக்கும் சிறிய சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அந்தப் பாஸ்வேர்டு போகாது.

ரேம்தான் இரண்டையும் பிரிக்கும் இடம். டி430-ல் ரேம் செருக இரண்டு ஸ்லாட். 8 ஜிபி இரண்டு போட்டு 16 ஜிபி ஆக்கலாம். டி440எஸ்-ல் 4 ஜிபி போர்டிலேயே சால்டர் செய்து பற்றவைத்திருக்கும், ஸ்லாட் ஒன்றுதான். 12 ஜிபிக்கு மேல் ஏறாது. ரேம் வாங்கும்போது லேபிளைக் கவனியுங்கள்: டி440எஸ்-க்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். 1.5 வோல்ட் மட்டுமே ஏற்கும் பழைய டிடிஆர்3 அதற்கு ஆகாது.

பிராசஸரும் அப்படித்தான். டி430-ல் பிராசஸரைக் கழற்றி மாட்டும் சாக்கெட் இருப்பதால் ஐ5-3320எம் எடுத்துவிட்டு நான்கு கோர் ஐ7-3632கியூஎம் போட முடியும். டி440எஸ்-ல் வந்ததோடு சரி.

ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி இரண்டிலும் போடலாம். ஹார்டு டிஸ்க்கோடு இருந்தால் முதல் செலவு அதுதான். டி430-ல் பக்கவாட்டு மூடியின் ஒரு ஸ்குரூவைக் கழற்றினால் டிஸ்க் ட்ரே இழுத்த இழுப்புக்கு வரும். டி440எஸ்-ல் அடிமூடி முழுவதையும் திறக்க வேண்டும். உள்ளே இன்னொரு பேட்டரி இருப்பதால், அதற்கு முன் பயாஸில் 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி' கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் டி440எஸ் பக்கம் நியாயம் இருக்கிறது. எடை சுமார் 1.6 கிலோ, டி430 இரண்டு கிலோவைத் தாண்டும். வெளி பேட்டரியை மெஷின் ஓடும்போதே மாற்றலாம், உள் பேட்டரி தாங்கிக்கொள்ளும். ஃபுல் எச்டி ஐபிஎஸ் திரையோடு (எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை) கிடைத்தால் டி430-ன் மங்கலான டிஎன் திரையைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். 1366க்கு 768 திரை கொண்ட டி430-ல் தமிழ் பிடிஎஃப் படிப்பது கண்ணுக்குச் சிரமம். டி440எஸ்-ன் டச்பேடில் தனி பட்டன்கள் இல்லாததுதான் எரிச்சல். அதற்கும் டி450-ன் டச்பேடை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

டி430-ல் இரண்டு முட்டுக்கட்டைகள் உண்டு. லெனோவா பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைப் போட்டால் பூட் ஆகாமல் நின்றுவிடும். டூப்ளிகேட் பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறுக்கலாம்.

விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வ பட்டியலில் இரண்டுமே இல்லை. இன்டெல் என்றால் குறைந்தது எட்டாம் தலைமுறை வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் இரண்டிலும் நன்றாக ஓடும்.

வீட்டு மேசையில் வைத்துப் பல வேலைகளை ஒன்றாக ஓட்டுபவருக்கு நான் டி430-ஐத்தான் சொல்வேன். தினமும் பையில் போட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு டி440எஸ், அதுவும் ஃபுல் எச்டி திரை இருந்தால் மட்டும்.