பழைய படங்கள் ஸ்கான் பண்ண கிளிநொச்சியில ஒரு நல்ல இடம்

எங்கட வீட்டில மிஞ்சினது 17 படம்தான். 2009ல புதுக்குடியிருப்பால வெளிக்கிடேக்க அம்மா ஆல்பத்த விட்டுட்டு படங்கள மட்டும் கழட்டி சொப்பிங் பையில சுத்திக் கொண்டுவந்தவா, பங்கருக்க தண்ணி ஊறி சிலது ஒண்டோடொண்டு ஒட்டிப்போச்சு.

முதல் வேற ஒரு கடையில குடுத்து ஏமாந்தனாங்கள். படத்தில லைட் பட்டு வெள்ளையாக் கிடந்தது, அதைவிட கேக்காமலே அம்மம்மான்ர முகத்த மினுக்கி அம்மைத் தழும்பெல்லாம் அழிச்சுப்போட்டாங்கள். அம்மா பாத்துட்டு "இது ஆர் பிள்ளை?" எண்டு கேட்டவா. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு.

பிறகுதான் கிளிநொச்சி டவுனில இருக்கிற இந்தச் சின்ன ஸ்ரூடியோவுக்குப் போனன். அங்க நிக்கிற தம்பி முதல் கேட்டதே "அக்கா, இருக்கிறபடி எடுக்கவோ, திருத்தவோ?" எண்டுதான். ரெண்டும் தனித்தனியா வேணும் எண்டன், அப்பிடியே தந்தவர். காத்தடிச்சுத் தூசி போக்கிப்போட்டுத்தான் ஸ்கானர் கண்ணாடியில வைக்கிறார், கையால முகப்பக்கம் தொடவே இல்ல. ஃபிரேம் கண்ணாடியோட ஒட்டின அப்பப்பான்ர படத்த நான் உரிக்கப் பாக்க "விடுங்கோ அக்கா, உரிச்சா முகம் கண்ணாடியோட போயிடும்" எண்டு கண்ணாடியோடயே ஸ்கான் பண்ணினவர்.

சாதாரண படங்கள் 600 டிபிஐ (ஒரு இஞ்சிக்கு 600 புள்ளி), பாஸ்போட் சைஸ் 1200. ஆறுக்கு நாலு இஞ்சிப் படம் 600ல எடுத்தா 3600க்கு 2400 பிக்சல் வரும், அத பன்னிரண்டுக்கு எட்டு இஞ்சிக்கு பெருசா அடிச்சாலும் உடையாது. ஜேபெக் மட்டும் வாங்கிட்டு வராதேங்கோ, தரம் குறையாம சேவ் பண்ணுற டிஃப் (TIFF) பைலும் கேளுங்கோ, ஜேபெக்க திருத்தித் திருத்தி சேவ் பண்ணப் பண்ண தரம் குறைஞ்சுகொண்டே போகும். டிஃப் படம் ஒண்டே 25 எம்பி வருது, அதால பென்ட்ரைவ் பெருசாக் கொண்டுபோங்கோ.

திரையில பெருப்பிச்சுக் காட்டேக்க அம்மம்மான்ர மூக்குத்திக் கல்ல ஒவ்வொண்டா எண்ணக்கூடியதா இருந்தது, தழும்பும் அப்பிடியே இருந்தது. பின்பக்கத்தையும் ஸ்கான் பண்ணினவர், அதில அப்பா நீல மையில எழுதின "82 ஆவணி" இருக்கு. அப்பாண்ட கையெழுத்து எங்களிட்ட வேற ஒண்டுமில்ல.

ஒரு கிழமை எண்டு சொல்லி ரெண்டு கிழமை எடுத்தது, அவசரமெண்டா முதலே சொல்லுங்கோ. முழங்காவில்ல சித்தியிட்ட இன்னும் நாலு படம் கிடக்கு, பொங்கல் முடிய அதையும் அங்கதான் குடுக்கப்போறன்.