45 பவுண்டு ரிகர்வுக்கு 508 கிரெய்ன் அம்பு: பல பருவங்கள் எய்த பிறகு

நான் எய்வது 45 பவுண்டு ரிகர்வ் வில், நுனிகள் முன்பக்கம் வளைந்தது. நாணை 28 அங்குலம் இழுக்கத் தேவைப்படும் விசையின் கணக்கு அது. என் இழுப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான். குறி பார்க்கும் சைட் கிடையாது, அம்பைத் தாங்கும் ரெஸ்ட் கிடையாது. வில்லின் ஷெல்ஃப், அதாவது பிடிக்கு மேலே வெட்டியிருக்கும் திட்டின் மேலேயே அம்பை வைத்து, மூன்று விரலையும் அம்புக்குக் கீழே போட்டு இழுக்கிறேன். இதே வில்லில் 385 கிரெய்ன் அம்பும் எய்திருக்கிறேன், 650 கிரெய்ன் அம்பும் எய்திருக்கிறேன். இப்போது பல வேட்டைப் பருவங்களாக 508 கிரெய்னில் நிற்கிறேன். கிராமில் சொன்னால் சுமார் 33. வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 11.3 கிரெய்ன்.

508 என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு இதைச் செய்யவில்லை. முதலில் எந்த முனை வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த முனையைச் சுமந்துகொண்டு இந்த வில்லிலிருந்து நேராகப் போகிற தண்டு எது என்று அப்புறம் தேடினேன். இரண்டும் ஒத்துப்போன பிறகு தராசில் வைத்தால் 508 வந்தது. "எத்தனை கிரெய்ன் வேண்டும்?" என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வதும் இதே வரிசையைத்தான். முனை, பிறகு தண்டு, கடைசியில் எடை. பவுண்டுக்கு 9 முதல் 12 கிரெய்னுக்குள் எது வந்தாலும் மான் வேட்டைக்குப் போதும், அதை ஏற்றிக் குறைத்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

அம்பின் உடம்பு இதுதான். 500 ஸ்பைன் (வளையும் அளவு) கார்பன் தண்டு, 29 அங்குலத்துக்கு வெட்டியது, அங்குலத்துக்கு 9 கிரெய்ன். உள்ளே முனையைத் திருகி மாட்ட 50 கிரெய்ன் பித்தளை இன்சர்ட். முன்னால் 175 கிரெய்ன் பிராட்ஹெட், அதாவது இரண்டு அலகுள்ள வேட்டை முனை. பின்னால் ஐந்து அங்குல வான்கோழி இறகு மூன்று. இறகு, பசை, நாணில் பூட்டும் பிளாஸ்டிக் நாக் எல்லாம் சேர்ந்து 22 கிரெய்ன்.

வேகத்தை முதலில் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் 385 கிரெய்ன் அம்பு நொடிக்கு 184 அடி போனது. 508 கிரெய்ன் அம்பு 166 அடி. 18 அடி குறைவு என்று பார்த்ததும் முகம் சுருங்கும். ஆனால் இயக்க ஆற்றலைக் கணக்குப் போட்டால் 29 அடி-பவுண்டிலிருந்து 31-க்கு ஏறியிருக்கிறது. உந்தம் கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடியிருக்கிறது. ஒரே வில், ஒரே இழுப்பு. கனமான அம்பு நாணில் சற்று அதிக நேரம் இருந்து, வில்லில் சேர்ந்திருக்கும் ஆற்றலில் கூடுதல் பங்கை வாங்கிக்கொண்டு போகிறது. லேசான அம்பு வாங்காமல் விட்டுப்போன மீதிதான் கையில் அதிர்வாகவும் காதில் சத்தமாகவும் வருகிறது. பவுண்டுக்கு 8 கிரெய்னுக்குக் கீழே போகாதீர்கள் என்று பல வில் செய்பவர்கள் எச்சரிப்பதும் இதனால்தான்.

எனக்கு உந்தத்தைவிட அந்தச் சத்தம்தான் பெரிய விஷயம். ஒலி நொடிக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது. 20 கஜத்தில் நிற்கும் மானுக்கு நாண் சத்தம் நொடியில் சுமார் இருபதில் ஒரு பங்கில் போய்ச் சேர்ந்துவிடும். 385 கிரெய்ன் அம்பு அங்கே போக 0.33 நொடி, 508-க்கு 0.36. அந்த 0.03 நொடியை மிச்சம் பிடிப்பதால் மான் அசையாமல் நிற்கப்போவதில்லை. இரண்டுமே சத்தத்துக்கு ரொம்பப் பின்னால்தான் வருகின்றன. சத்தம் கேட்டதும் மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கித் தாழும், அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். வேகமான அம்பு அதற்கு மருந்தில்லை. அடங்கிய வில்தான் மருந்து. 508-க்கு மாறியதும் வில்லின் 'டங்' என்ற உலோகச் சத்தம் போய், துணியைத் தட்டியது போல் ஒரு மந்தமான ஒலி மட்டும் மிச்சம் இருக்கிறது.

அப்படியானால் 650 ஏன் வேண்டாம்? அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் எட் ஆஷ்பி 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதியில் தொடங்கி, பிறகு ஆஸ்திரேலியாவின் நீர் எருமைகள் வரை, அம்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்துகொண்டே போனவர். கனமான எலும்பை உடைத்துப் போக சுமார் 650 கிரெய்ன் ஒரு எல்லை என்பது அவர் முடிவு. அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவர் பட்டியலில் எடைக்கு முன்னால் நிற்பவை எவை என்றும் பார்க்க வேண்டும். அம்பும் முனையும் உடையாமல் இருப்பது முதலிடம். கோணாமல் பறப்பது இரண்டாமிடம். இந்த இரண்டையும் விட்டுவிட்டு எடையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

என் 45 பவுண்டு வில்லில் 650 கிரெய்ன் அம்பு நொடிக்கு 149 அடி போனது. காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 20 கஜத்தில் 508 சுமார் 25 அங்குலம் இறங்குகிறது, 650 சுமார் 31 அங்குலம். 25 கஜத்தில் வித்தியாசம் 10 அங்குலத்தை நெருங்கும். சைட் இல்லாமல் எய்கிறவனுக்கு இதுதான் இடிக்கும். தூரத்தை இரண்டு கஜம் தப்பாக மதித்தால் லேசான அம்பு மன்னித்துவிடும், 650 மன்னிக்காது. 15 கஜத்துக்குள் மட்டும் எய்கிறேன் என்று உறுதியாக இருப்பவருக்கு 650 நல்ல அம்பு. அந்த அம்பு வில்லை இன்னும் அடக்கியது என்பதும் உண்மை. எருமை வேட்டைக்குப் போகிறவர் வேறு வில்லோடு வேறு கணக்குப் போடட்டும். விலா எலும்பைத் தாண்டினால் போதும் என்கிற மானுக்கு எனக்கு அது தேவைப்படவில்லை.

இப்போது ஸ்பைன். நேரம் முழுக்கத் தின்கிற வேலை இதுதான், பலனும் இதில்தான். கார்பன் தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு பக்கம் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அரை அங்குலம் வளைந்தால் அது 500. 400 என்றால் இன்னும் விறைப்பு, 600 என்றால் தளர்வு. பெட்டியில் போட்டிருக்கும் இந்த எண் தண்டு சும்மா கிடக்கும்போது எடுத்தது. வில்லிலிருந்து கிளம்பும்போது அது எப்படி வளைகிறது என்பதை நீளமும் முனையின் எடையும் மாற்றிவிடும். நீளம் கூடினால், முனை கனத்தால், தண்டு தளரும். வெட்டினால் விறைக்கும். வில்லின் ஷெல்ஃப் எவ்வளவு உள்வாங்கி வெட்டப்பட்டிருக்கிறது, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தோல் எவ்வளவு தடிமன், நாண் எந்தப் பொருள் என்பவையும் இதில் கை வைக்கும். ஆகவே அடுத்தவர் அம்பை அப்படியே நகல் எடுக்க முடியாது, என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சோதிக்கும் முறை பழையதுதான், அதைவிட நல்லது இன்னும் வரவில்லை. இறகு ஒட்டாத ஒரு தண்டும் இறகு ஒட்டிய சில அம்புகளும், எல்லாவற்றிலும் அதே எடையில் முனை. பதினைந்து இருபது தப்படி தள்ளி நின்று மெத்தென்ற இலக்கில் எய்ய வேண்டும். வலது கைக்காரருக்கு, இறகில்லாத தண்டு, இறகு ஒட்டியவை குத்திய கூட்டத்துக்கு இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு அதிகம். வலப்பக்கம் விழுந்தால் தளர்வு. முழு நீளத் தண்டில் இன்சர்ட்டும் முனையுமாக 225 கிரெய்ன் வைத்து எய்தபோது எனக்கு நன்றாக வலப்பக்கம் போனது. கால் அங்குலம் வெட்டுவேன், இன்சர்ட்டைத் தற்காலிகப் பசையில் ஒட்டுவேன், மறுபடி எய்வேன். வெட்ட வெட்ட அது இடப்பக்கம் நகர்ந்து வந்து 29 அங்குலத்தில் கூட்டத்துக்குள் நுழைந்தது. அங்கே நிறுத்திவிட்டேன். ஆசைக்கு 100 கிரெய்ன் இன்சர்ட்டும் 200 கிரெய்ன் முனையும் போட்டுப் பார்த்தபோது அதே தண்டு மறுபடி வலப்பக்கம் ஓடியது. அதைச் சரிக்கட்ட 400 ஸ்பைன் வேண்டும், அந்தத் தண்டு இன்னும் கனம். எடை தானாக ஏறிக்கொண்டே போவது இப்படித்தான்.

இந்த இடம்-வலம் வேலைக்கு முன்னால் மேல்-கீழைச் சரி செய்துவிடுங்கள். இறகில்லாத தண்டு கீழே விழுந்தால் நாணில் அம்பு பூட்டும் இடம் உயரம், மேலே விழுந்தால் தாழ்வு. இதில் ஒரு ஏமாற்று உண்டு. பூட்டும் இடம் ரொம்பத் தாழ்ந்திருந்தால் அம்பின் வால் ஷெல்ஃபில் மோதித் துள்ளும். பார்க்கிறவருக்குப் பூட்டும் இடம் உயரமாக இருப்பது போலத் தெரியும், இன்னும் இறக்குவார். வேண்டுமென்றே உயரத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வந்தால் இந்தக் குழப்பம் வராது. என் வில்லில் அந்த இடம், ஷெல்ஃபிலிருந்து நாணுக்குச் செங்குத்தாக வரும் கோட்டுக்கு மேலே அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாக நிற்கிறது.

முன்பாரம், அதாவது அம்பின் சமநிலைப் புள்ளி நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. என் அம்பு அடியிலிருந்து இருபதரை அங்குலத்தில் சமநிலை கொள்கிறது. பாதி நீளம் பதினான்கரை. வித்தியாசம் 6 அங்குலத்தை 29-ஆல் வகுத்தால் 20 சதவீதத்துக்குச் சற்று மேலே. நல்லதுதான், அம்பு சீக்கிரம் நேராகிறது. அதற்காக 30 சதவீதத்தைத் துரத்த வேண்டியதில்லை. ஒரு டஜன் சீடார் மர அம்பும் வைத்திருக்கிறேன். அவற்றின் முன்பாரம் 12 சதவீதம்தான், எடை 500-ஐ ஒட்டித்தான் வருகிறது, பொருத்தமான ஸ்பைன் என்பதால் ஊசி போலப் போகின்றன. மரத்தில் இந்த எடை தேடாமலே கிடைத்துவிடுகிறது. 385 கிரெய்னில் ஒரு வேட்டை அம்பு செய்யத்தான் கஷ்டப்பட வேண்டும். மழை ஈரம் பட்டால் மட்டும் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து வளைவை நிமிர்த்த வேண்டும். அந்த வேலை பிடித்தவர்களுக்கு மரம்.

பிராட்ஹெட் மாட்டிய பிறகு செய்யும் ஒரு சோதனையை யாரும் விடக் கூடாது. அலகின் நுனியை ஒரு மரத்துண்டின் மேல் நிறுத்தி, தண்டை இரண்டு விரலால் பம்பரமாகச் சுண்டிவிட்டு, முனையும் தண்டும் சேரும் இடத்தையே பாருங்கள். அந்த இடம் அசையாமல் மங்கலாகச் சுழன்றால் சரி. அங்கே லேசாக ஒரு தள்ளாட்டம் தெரிந்தால் அம்பு பறக்கும்போது அது பெரிதாகும். அகன்ற அலகு காற்றில் சுக்கான் மாதிரி வேலை செய்யும். நான் இன்சர்ட்டை ஹாட் மெல்ட் பசையில் ஒட்டுவதே இதற்காகத்தான். முனையை மட்டும் லேசாகச் சூடுகாட்டி, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி சுழற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். தீயைக் கார்பன் மேலே காட்டக் கூடாது, பிசின் வெந்து தண்டு பலமிழந்துவிடும். சுழல் சோதனையில் தேறியவை அதே எடைப் பயிற்சி முனையோடு ஒரே இடத்தில் குத்துகின்றனவா என்றும் எய்து பார்த்துவிட்டுத்தான் காட்டுக்கு எடுத்துப்போவேன்.

என் முனை ஒற்றைச் சாய்வு, அதாவது அலகின் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டியது, அதுவும் வலது. இறகும் வலச் சிறகிலிருந்து எடுத்தது, வலப்பக்கம் திருப்பி ஒட்டியது. இரண்டும் ஒரே பக்கம் சுழல வேண்டும். ஒற்றைச் சாய்வின் இன்னொரு வசதி, தீட்டுவது எளிது. ஒரு பக்கம் மட்டும் கல்லில் இழுத்து, மறுபக்கம் பிசிரை எடுத்து, தோலில் நாலு இழுப்பு. முன்கை முடி சத்தமில்லாமல் விழ வேண்டும். ஈரத்தில் ஒரே இரவில் துரு ஏறிவிடும் என்பதால் விளிம்பில் வாசலின் தடவி வைக்கிறேன்.

நீண்ட நாள் உழைப்பில் தேய்வது எது? முதலில் இறகு. ஷெல்ஃபை உரசும் கீழ் இறகு மற்ற இரண்டையும்விட முன்னதாகக் கிழிகிறது, முன் ஓரத்தில் ஒரு சொட்டுப் பசை வைத்தால் தள்ளிப்போகும். மழையில் இறகு படுத்துவிடும். நீர் ஒட்டாத பொடி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அப்படியும் இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் வேனுக்குப் போகவில்லை, ஷெல்ஃபிலிருந்து எய்யும்போது இறகு மடங்கி வழிவிடும், வேன் தட்டிவிடும். அடுத்தது தண்டின் முன் நுனி. கனமான பித்தளை இன்சர்ட்டுக்குச் சற்றுப் பின்னால்தான் கார்பன் முறியும். பழைய அலுமினியத் தண்டிலிருந்து ஓர் அங்குலம் வெட்டி வெளியே வளையமாகப் போட்ட பிறகு கல்லில் பட்ட அம்புகூடப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. பத்து கிரெய்ன் கூடும், போகட்டும். எதில் பட்டாலும், அடுத்த முறை எய்யும் முன் தண்டைக் காதருகே வைத்து வளைத்துத் திருகிக் கேட்டுவிடுங்கள். சின்ன நொறுங்கல் சத்தம் வந்தால் உடைத்துப் போட்டுவிட வேண்டும். விரிசல் விட்ட கார்பன் எய்யும்போது சிதறினால் போய்ச் செருகுவது வில் பிடித்த கையில்தான்.

விலங்கின் மேல் இந்த அம்பு எப்படி? பக்கவாட்டில் நிற்கும் மான், 20 கஜத்துக்குள் என்றால் இரண்டு பக்க விலாவையும் தாண்டி அந்தப்புறம் மண்ணில் குத்தி நிற்பதுதான் வழக்கம். இரண்டு துளை இருந்தால் இரத்தத் தடம் தேட எளிது. பன்றி வேறு கதை. முதிர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டைத் தடிப்பில் பட்டால் மறுபக்கம் வராமல் நிற்கவும் செய்யும். அதனால் அது எனக்கு எதிர்ப்புறமாகச் சற்றுத் திரும்பி நிற்கும் கோணம் வரும்வரை காத்திருக்கிறேன், கிடைக்காவிட்டால் எய்வதில்லை.

40 பவுண்டு வில் என்றால் 600 ஸ்பைனில் தொடங்கி 420 முதல் 460 கிரெய்ன் பாருங்கள். 50 பவுண்டுக்கு 400 ஸ்பைனை முழு நீளத்தில் வாங்கி, 200 கிரெய்ன் முனையோடு வெட்டத் தொடங்குங்கள். வாங்கும் முன் உங்கள் இடத்துச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். வில் வேட்டைக்கே அனுமதி இல்லாத இடங்கள் நிறைய. அனுமதி உள்ள சில இடங்களில் குறைந்தபட்ச பவுண்டும் பிராட்ஹெட் அகலமும் விதியிலேயே இருக்கும். அந்த அகலம்தான் முனையைத் தீர்மானிக்கும் என்பதால் அதைத் தெரிந்துகொள்ளாமல் தண்டு வாங்க வேண்டாம்.