ஓவர்ஹால் செய்த படகு இன்ஜின்: மெல்ல ஓட்டுவதா, சுமை கொடுத்து ஓட்டுவதா?

ஓவர்ஹால் (முழுவதும் பிரித்துப் பழுதுபார்த்தல்) முடிந்து படகில் மீண்டும் பூட்டிய இன்ஜினை முதல் பத்து மணி நேரம் எப்படி ஓட்டுவது என்பதில் மெக்கானிக்குகளிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டிப் பழக்க வேண்டும் என்பர் சிலர். இன்ஜின் சூடேறியதும் சுமை கொடுத்துவிட வேண்டும், அதாவது அதைக் கடுமையாக உழைக்க வைக்க வேண்டும் என்பர் வேறு சிலர். நான் இரண்டாவது கருத்தையே ஏற்கிறேன், ஆனால் ஒரு வரம்புடன். அந்த வரம்பு முதல் தரப்பினரின் நியாயமான அச்சத்திலிருந்தே வருகிறது.

ஹோனிங் செய்த, அதாவது உராய்கல்லால் தேய்த்துச் சீராக்கிய சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் இருக்கும். அவற்றின் முனைகளில் பிஸ்டன் ரிங்குகள் (பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையங்கள்) உராய்ந்து, இரண்டு பரப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைத்தான் ரிங் செட் ஆவது என்கிறோம். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமன்று. எரிந்த வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து தரும் அழுத்தமே அதில் பெரும்பங்கு வகிக்கிறது. சுமை குறைவாக இருந்தால் அந்த அழுத்தமும் குறையும். ரிங் ஆயிலைச் சரியாக வழிக்காது. சுவரில் தங்கும் ஆயில் வெந்து, கீறல்களை நிரப்பி, கண்ணாடிபோன்ற படலமாக இறுகிவிடும். டீசல் இன்ஜின்களில் இந்தக் கேடு குறிப்பாக அதிகம். படலம் இறுகிய பிறகு ஆயில் குடிப்பதை நிறுத்தப் பெரும்பாலும் மீண்டும் பிரித்து ஹோனிங் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

மெல்ல ஓட்டச் சொல்பவர்கள் அஞ்சுவது வெப்பத்தை. புதிய பரப்புகள் உராயும்போது ஆங்காங்கே அளவுக்கு மீறிச் சூடேறி, பிஸ்டன் சுவரில் கடித்துக்கொள்ளக்கூடும் என்பது உண்மையே. ஆனால் அந்த அச்சத்துக்குத் தீர்வு சுமையைத் தவிர்ப்பதன்று, சுமையைத் தொடர்ந்து நீடிக்க விடாமல் இருப்பதே.

படகில் இந்த வேறுபாடு சாலை வண்டியைவிடக் கூர்மையானது. புரொப்பல்லர் கேட்கும் சக்தி, சுழற்சி வேகத்தின் கனத்தை (மூன்றாம் அடுக்கை) ஏறத்தாழ ஒட்டியே உயர்கிறது. ஆகவே பாதிச் சுழற்சியில் ஓடும் இன்ஜினிடம் முழுச் சக்தியில் எட்டில் ஒரு பங்கு அளவே கேட்கப்படுகிறது. ரிங்குக்கு அது போதாது. மறுபக்கம், படகுக்கு இறக்கமும் இல்லை, கியர் மாற்றும் இடைவெளியும் இல்லை. த்ராட்டிலை முழுவதும் திறந்து வைத்தால் சுமை ஒரு நொடியும் ஓயாது. இரு கோடிகளும் கெடுதல் என்பதால், ஒரே வேகத்தில் நிற்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுவதே பொருத்தமானது. அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) தயாரிப்பாளர்கள் தரும் வழக்கமான பத்து மணி நேர அட்டவணையும் இந்தப் போக்கிலேயே அமைகிறது: முதல் மணியில் பாதித் த்ராட்டில் வரை வேகத்தை மாற்றி மாற்றியும், இரண்டாம் மணியில் முக்கால் வரையும், மீதி எட்டு மணியில் முழுத் த்ராட்டிலை ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டிக்காமலும் ஓட்டச் சொல்வார்கள். உங்கள் இன்ஜினின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே முதன்மை.

தட்டையான டேப்பட் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்) கொண்ட பழைய பெட்ரோல் இன்போர்டுகளுக்கு (படகின் உள்ளே பொருத்திய இன்ஜின்கள்) புதிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் கேம்கள் கொண்ட தண்டு) போட்டிருந்தால், முதல் இருபது, முப்பது நிமிடங்களுக்கு வேறு விதி. ஐடிலில் (சுமையின்றி மெதுவாக ஓடும் நிலையில்) விடாமல் நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்றுகளுக்குள் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; ஐடிலில் கேமுக்கு ஆயில் போதாமல் அதன் முனைகள் தேய்ந்துவிடும். துத்தநாகமும் பாஸ்பரசும் மிகுந்த ஆயில் இங்கு அவசியம். ரோலர் டேப்பட் இன்ஜின்களுக்கு இந்தக் கவலை இல்லை.

எங்கே ஓட்டுவது என்பதும் முக்கியம். கரையில் குழாய் மூலம் தண்ணீர் கொடுத்து ஓட்டுவது, ஆயில் அழுத்தம், கசிவு, குளிர்நீர் ஓட்டம் ஆகியவற்றைச் சில நிமிடங்களில் சோதிக்க மட்டுமே உதவும். அங்கே சுமையே கிடையாது. படகைத் துறையில் கட்டிப்போட்டு கியரில் ஓட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. படகு நகராதபோது அதே சுழற்சியில் புரொப்பல்லர் கூடுதல் முறுக்குவிசையைக் கேட்பதால், சுமை நம் கட்டுப்பாட்டை மீறுகிறது. புகையும் அருகிலேயே தேங்குகிறது. திறந்த நீரில், பக்கத்தில் துணைப்படகு ஒன்றுடன் ஓட்டுவதே சிறந்தது.

ஆயிலைப் பொறுத்தவரை, பட்டறையில் ஹோனிங் செய்த சிலிண்டருக்கு முதலில் மினரல் ஆயிலையே நான் தேர்வேன். சிந்தெடிக்குக்கு மாறுவது ரிங் செட் ஆன பிறகு போதும். உலோகத்துகள்கள் கலந்த முதல் ஆயிலையும் ஃபில்டரையும் வழக்கமான கெடுவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். ஆயில் மட்டம் குறைவது நின்று, கிரான்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதிப் பெட்டி) மூச்சுக்குழாயில் வரும் புகை தணிந்து, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) எல்லாச் சிலிண்டர்களிலும் நெருங்கி நின்றால் ரிங்குகள் செட் ஆகிவிட்டன என்று கொள்ளலாம். அதன் பிறகே நெடுந்தூர ஓட்டத்துக்குப் படகை எடுங்கள்.