புதுசு என்று பில் போட்ட பழைய டேங்க்

இறம்பொடை அனுமார் கோயிலைத் தாண்டி லபுக்கலை ஏற்றத்தில் பொனட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது. கூலிங் சிஸ்டம் முழுவதையும் மாற்றித் தருகிறோம் என்று சொன்ன கராஜுக்கு நான் 218,000 ரூபா கட்டி அன்றைக்குச் சரியாக 19 நாள். மலைநாட்டில் பழைய பி.எம்.டபிள்யூ வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசித்துவிடுங்கள். ஈ36, ஈ39 என்கிற மற்றப் பழைய பி.எம்.டபிள்யூ மொடல்கள் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

நான் இருப்பது கந்தப்பளைப் பக்கம். தொழில் மரக்கறி லொறி. லீக்ஸும் கரட்டும் ஏற்றித் தம்புள்ளைக்கு அனுப்புவோம். அப்பா காலத்திலிருந்து லொறியோடு புழங்கிய வீடு என்பதால் எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். கார் 2003 ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ, ஈ46 மொடலில் 320ஐ, மெனுவல் கியர். உள்ளே இருப்பது எம்54 வகை என்ஜின், 2.2 லீற்றர், வரிசையாக ஆறு சிலிண்டர், 170 குதிரைவலு. இங்கே நான் பார்க்கிற ஈ46களில் பெரும்பாலானவை நாலு சிலிண்டர் 318ஐ. ஆறு சிலிண்டரின் சத்தத்தை ஹக்கலைப் பக்கம் ஒரு காலையில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு இரண்டு வருடம் தேடி வாங்கினேன். இலங்கையில் 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களை 2025 இல்தான் மறுபடி உள்ளே விட்டார்கள். இடையில் இருபது வருடப் பழைய கார் எல்லாம் தங்கம் விலைக்குப் போனது. அதோடு சேர்ந்து "ஸ்பெஷலிஸ்ட்" என்று பலகை மாட்டிய கராஜ்களும் முளைத்தன.

ஈ46இன் கூலிங் சிஸ்டம் பெரும்பாலும் பிளாஸ்டிக். எக்ஸ்பான்ஷன் டேங்க் (சூட்டில் விரிகிற தண்ணீருக்கு இடம் கொடுக்கும் தொட்டி), தர்மோஸ்டாட்டின் (சூட்டைப் பார்த்துத் தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடும் வால்வு) கூடு, ரேடியேட்டரின் இரு பக்கத் தொட்டிகள், ஹோஸ் முனைகள் எல்லாம் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து வெந்து, வருடங்கள் போகப் போக அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் டேங்க்கின் தையல் ஓரத்தில் வெடிக்கும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் உடையும்வரை காத்திருக்க மாட்டார்கள். டேங்க், மூடி, தர்மோஸ்டாட், தண்ணீர்ப் பம்ப், ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவார்கள். எனக்கும் அதுதான் எண்ணம். கம்பளையிலிருந்து நுவரெலியா வரை ஒரே ஏற்றம், அதில் பாதி வழி இரண்டாம் கியர்.

கண்டிப் பக்கம் ஒரு கராஜைச் சொன்னார்கள். பெயர் வேண்டாம். தரையில் டைல்ஸ், கண்ணாடி அறை, கோப்பி மெஷின், லெப்டொப்பைச் செருகிக்கொண்டு நிற்கிற பையன்கள். மனேஜர் வாய்க்கு வாய் "சேர்" என்றார். கூலிங் வேலையோடு பிரேக்கையும் பெரிதாக்கிக் கேட்டேன். 320ஐக்கு முன்னால் வருவது 286 மில்லிமீற்றர் டிஸ்க். இதைவிடப் பெரிய என்ஜின் உள்ள 330ஐயின் 325 மில்லிமீற்றர் டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கும் கெலிப்பரையும் மாட்டினால், இறம்பொடை இறக்கத்தில் கால் நிம்மதியாக இருக்கும். 17 அங்குல ரிம் என்னிடம் ஏற்கனவே இருந்தது. இந்த பிரேக் வேலையின் கணக்கு தனி. அது நேர்மையாகவே நடந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஏன் நேர்மையாக நடந்தது என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். பிரேக் டிஸ்க் ரிம்முக்குள்ளால் பளிச்சென்று தெரியும். தர்மோஸ்டாட்டின் உள்ளே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

வேலை நடக்கும்போது வட்ஸ்அப்பில் படம் வந்தது. மேசையில் வரிசையாகப் புதுப் பெட்டிகள், ஓரத்தில் மோதிரம் போட்ட ஒரு விரல். பார்த்ததும் மனம் குளிர்ந்தது. காரை எடுக்கப் போன அன்று பொனட்டைத் திறந்து காட்டினார்கள். எல்லாம் கறுகறு என்று மின்னியது. ஹோஸ்களில் டயர் பொலிஷ் தேய்த்திருந்தார்கள் என்பது அப்போது எனக்குப் படவில்லை.

இங்கேதான் என் பிழை. லொறிக்கு ஒரு போல்ட் மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்காமல் நான் கராஜை விட்டு வெளியே வந்ததில்லை. அப்பா பழக்கிய பழக்கம். "பழசக் காட்டாதவன் புதுசு போடல" என்பார். ஆனால் அந்தக் கண்ணாடி அறையில், கையில் கோப்பிக் கோப்பையோடு, "பழைய சாமான் எங்கே?" என்று கேட்க வெட்கமாக இருந்தது. பி.எம்.டபிள்யூ வைத்திருக்கிறவன் ஓட்டை டேங்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவானா என்று நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்குத்தான் 218,000 ரூபா.

முதல் வாரமே கார் ஒரு சேதி சொன்னது, எனக்குத்தான் புரியவில்லை. விடியற்காலையில் எங்கள் பக்கம் குளிர் எலும்பைக் கடிக்கும். ஹீட்டரைப் போட்டால் அரை மணி நேரம் ஓடியும் வெதுவெதுப்புக்கு மேல் வரவில்லை. பெற்றோல் வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தது. ஒயில் மூடியின் அடியில் மஞ்சள் கிறீம் மாதிரி படிந்திருந்தது. போனில் கேட்டேன். "மலையில குளிர் சேர், அப்படித்தான் இருக்கும்" என்றார் மனேஜர். நானும் சரி என்று விட்டுவிட்டேன். என்ஜின் சூடாகாமலே ஓடுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்த 19 ஆவது நாள் காரில் அம்மாவும் தங்கச்சியும் இருந்தார்கள். கம்பளையில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். புசல்லாவை தாண்டும்வரை ஒன்றும் இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவில் ஆடாமல் நின்றது. அந்த முள்ளை நம்பாதீர்கள் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். ஈ46இல் தண்ணீர் ஏறக்குறைய 75 பாகையிலும் முள் நடுவில்தான், 115 பாகையிலும் நடுவில்தான். ஓட்டுபவர் பதறக் கூடாதென்று அப்படி அமைத்திருக்கிறார்கள். அது நடுவை விட்டு நகரும்போது காரியம் முடிந்திருக்கும். எனக்கும் அப்படியே. லபுக்கலைத் தேயிலைக்கு நடுவில் ஒரு வளைவில் "டப்" என்று ஒரு சத்தம், கண்ணாடியெல்லாம் ஆவி, முள் ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. ஓரங்கட்டி என்ஜினை நிறுத்த அரை நிமிடம் ஆகியிருக்கும். பின்னால் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்க இடம் இல்லாததால் அந்த அரை நிமிடம்.

எங்கள் லொறி ஒன்றே வந்து கட்டி இழுத்துப் போனது. மறுநாள் காலை எங்கள் லொறிகளைத் திருத்துகிற மெக்கானிக், லொறி பாஸ் என்போம், பொனட்டைத் திறந்தார். வாழ்நாளில் பி.எம்.டபிள்யூவைத் தொடாத மனுசன். டோர்ச்சை அடித்து டேங்க்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது புதுசுன்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?" என்று கேட்டார்.

கழற்றிக் கையில் தந்தார். பிளாஸ்டிக் வார்க்கும்போது அச்சிலேயே ஒரு சின்ன வட்டம் விழும். மணிக்கூடு மாதிரி சுற்றி 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் வருடம், ஓர் அம்பு மாதத்தைக் காட்டும். அந்த டேங்க்கில் வருடம் 03, அம்பு 5 இல். என் கார் ஜெர்மனியில் பிறந்தபோது கூடவே பிறந்த டேங்க். கழுவித் துடைத்து, பொலிஷ் போட்டுத் திரும்பவும் அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். தையலில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. ஹோஸ்களில் இருந்த வட்டங்களும் அதே கதையைச் சொல்லின. தண்ணீர்ப் பம்ப் மட்டும் புதுசு, அதுவும் மேலே பெயரோ இலக்கமோ இல்லாத சாமான். வடித்த தண்ணீர் பச்சைச் சாயம் கலந்த குழாய்த் தண்ணீர். பி.எம்.டபிள்யூவுக்கு உரிய நீலக் கூலண்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்ற வேண்டும். பில்லில் அதற்கும் 14,500 ரூபா.

தர்மோஸ்டாட்டைத் திறந்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. உள்ளே இருந்த வால்வை உடைத்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டியிருந்தார்கள். "நம்ம நாட்டுச் சூட்டுக்குத் தர்மோஸ்டாட் தேவையில்லை" என்று சொல்கிற பாஸ்மார் கொழும்பிலும் உண்டு, மலையிலும் உண்டு. எம்54இன் தர்மோஸ்டாட்டைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது, தானாகத் திறப்பது 97 பாகையில். அந்த என்ஜின் சூட்டில் ஓடப் பிறந்தது. வால்வை எடுத்துவிட்டால் குளிரிலேயே ஓடும், பெற்றோலைக் கூடுதலாக ஊற்றும், உள்ளே ஈரம் ஆவியாகாமல் ஒயிலோடு சேர்ந்து கிறீமாகும். கராஜ்காரருக்கு ஒரு இலாபம், பழைய டேங்க் அந்தக் குளிரில் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். வாடிக்கையாளர் வீடு போய்ச் சேரும்வரை ஒன்றும் தெரியாது.

மலைக்காரர்களுக்கு இன்னொன்று. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 94 பாகையிலேயே கொதிக்கும். அதாவது அந்தத் தர்மோஸ்டாட் திறக்க வேண்டிய சூட்டுக்கு முன்பே. டேங்க்கும் மூடியும் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கொதிக்காமல் ஓடுகிறது. என் மூடியில் 200 என்று இருக்கிறது, அப்படியென்றால் 2 பார் அழுத்தம்வரை தாங்கும். அழுத்தம் போன நிமிடமே எல்லாம் ஆவி. கொழும்பில் ஓடுகிறவர் வெடித்த டேங்க்கோடு தப்பிப் பிழைக்கலாம். நமக்கு அந்த இடைவெளி கிடையாது.

கராஜுக்கு அழைத்தேன். முதல் நாள் "பசங்க மாத்திப் போட்டிருப்பாங்க சேர்" என்றார். இரண்டாம் நாள் "நீங்களே பழசப் போட்டுட்டு வந்து கதைக்கிறீங்களா?" என்றார். மூன்றாம் நாள் போனை எடுக்கவில்லை. பண்டாரவளையில் ஈ39 வைத்திருக்கிற கூட்டாளியிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவன் தன் போனை எடுத்து ஒரு படம் காட்டினான். அதே மேசை, அதே பெட்டிகள், அதே மோதிரம். அவனுடைய கார் வேறு மொடல். அந்தப் பெட்டியிலிருந்த டேங்க் அவனுக்குப் பொருந்தவே பொருந்தாது!

சேதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைக்கவே பிடிக்கவில்லை. எம்54இல் என்ஜினின் மேல்பாதியான ஹெட்டும் அலுமினியம், கீழ்ப்பாதியான புளொக்கும் அலுமினியம். அரை நிமிடம் போதுமாக இருந்தது. ஹெட் வளைந்து, இரண்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கிற கஸ்கெட் போயிருந்தது. போல்ட்டைக் கழற்றும்போது மூன்று துளைகளில் மரை பொடியாக வந்தது. கொழும்பில் லேத் கடையில் ஹெட்டைச் சீவி, 0.3 மில்லிமீற்றர் கூடத் தடிப்பான கஸ்கெட் போட்டு, மரைக்கு எஃகு இன்சர்ட் இறக்கி, ஹெட் போல்ட் எல்லாம் புதிதாக வாங்கி (அவற்றைத் திரும்பப் பாவிக்கக் கூடாது) முடிக்க 365,000 ரூபா. கூலிங் சாமான்களை இந்த முறை நானே கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி வாங்கினேன். பெட்டியில் உள்ள பெயரைவிடச் சாமானில் உள்ள அம்பைப் பார்த்தே வாங்கினேன். கடைக்காரருக்கு என்மேல் எரிச்சல், பரவாயில்லை. எங்கள் லொறி பாஸும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாட்டினோம். ஹீட்டரை முழுச் சூட்டிலும் ஃபேனை மெதுவிலும் வைத்து, சாவியை ஓன் செய்து, காற்றுப் போகும் திருகைத் திறந்து, குமிழி நிற்கும்வரை கூலண்ட் ஊற்ற வேண்டும். அதைச் செய்யாமல் காற்று தங்கினால் புது டேங்க் போட்டும் பிரயோசனம் இல்லை.

இப்போது முள்ளைப் பார்ப்பதில்லை. டேஷ்போர்ட்டில் ட்ரிப் மீட்டர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒரு மறைவான பட்டியல் வரும். செசி இலக்கத்தின் கடைசி ஐந்து எண்களைக் கூட்டி வருவதுதான் பூட்டைத் திறக்கும் எண். அதில் 7 ஆவது சோதனை உண்மையான தண்ணீர்ச் சூட்டைப் பாகையில் காட்டும். ஏற்றத்தில் அது திறந்தபடியே இருக்கிறது. தங்கச்சிக்கு அதை வாசித்துச் சொல்வதுதான் வேலை.

முறைப்பாட்டைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், வேலை செய்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள். துரித இலக்கம் 1977. பில் இல்லாவிட்டால் பேச்சே இல்லை, எவ்வளவு நட்பாக இருந்தாலும் சாமான் பெயர் வாரியாக எழுதி வாங்குங்கள். நான் பில்லின் பிரதி, டேங்க் அம்பின் படம், பண்டாரவளைப் படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கடிதம் எழுதி, அனுப்புவதற்கு முன் அதைப் படம் எடுத்து அந்த மனேஜருக்கு வட்ஸ்அப்பில் போட்டேன். போன் எடுக்காதவர் அன்று பின்னேரமே நாலு தடவை அழைத்தார். கடிதத்தை நான் தபாலில் சேர்த்தும்விட்டேன்.

கூலிங் வேலைக்குக் கட்டியதில் இதுவரை 130,000 ரூபா இரண்டு தவணையாகத் திரும்பி வந்திருக்கிறது. மீதியை அடுத்த மாதம் 10 ஆம் திகதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஹெட்டுக்குப் போன காசைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெடித்த டேங்க்கைத் தந்தால் முழுக்காசையும் தந்துவிடுகிறோம் என்று போன வாரம் ஒரு பையனை அனுப்பியிருந்தார்கள். அது எங்கள் லொறிப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. பையனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.