கார்ல சொருகுற சூடு டிபன் பாக்ஸ், வாங்கலாமா வேணாமா?

கார்ல சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகி சாப்பாட்ட சூடு பண்ற எலக்ட்ரிக் டிபன் பாக்ஸ் பார்த்திருப்பீங்க, 12 வோல்ட், 40 வாட், உள்ள தனியா கழட்டுற எவர்சில்வர் டப்பா, ஒன்றரை லிட்டர்னு அட்டைல போட்டிருக்கும், அதப் பத்தி தான் இந்த ரிவ்யூ. பிராண்டு பேரு கேக்காதீங்க, சொல்லியும் பிரயோஜனம் இல்ல, ஒரே அச்சுல வந்த சரக்குக்கு ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்க, கலர் மட்டும் தான் வேற வேற. நான் வாங்குனது 400 ரேண்டுக்குள்ள வந்துச்சு.

நான் தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கேன், ஆஸ்பத்திரி லேப் மிஷின் சர்வீஸ் பண்ற வேலை. மிஷின் எப்ப படுக்கும்னு யாருக்குத் தெரியும், காலைல பீட்டர்மாரிட்ஸ்பர்க்னு கிளம்பினா வழியில போன் வரும், அங்க முடிச்சிட்டு நியூகாசில் போயிரு, நாளைக்கு ஜோபர்க்ல (ஜோகன்னஸ்பர்க்) பாத்துக்கோன்னு. மத்தியான சாப்பாடு பதினொண்ணுக்கும் இருக்கலாம் நாலு மணிக்கும் இருக்கலாம். டர்பன்ல இருந்து ஜோபர்க் என்3 ரோட்டுல ஏறக்குறைய 570 கிலோமீட்டர், அதுல சாப்பிட என்ன கிடைக்கும்னா பெட்ரோல் பங்க்ல மாவுக்குள்ள கறி வச்சு சுட்ட பை (pie), வினிகர் ஊத்தி தொளதொளன்னு இருக்குற ஸ்லாப் சிப்ஸ், பில்டாங்னு காய வச்ச இறைச்சி, கோல்ட் டிரிங்க். சைவம்னு கேட்டா சீஸ் தக்காளி டோஸ்ட், அதுவும் அந்த நேரம் மிஷின் ஆன்ல இருந்தா. கோல்ட் டிரிங்க்குக்கு 2018 ஏப்ரல்ல இருந்து சர்க்கரை வரி போடுறாங்க, 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேல இருக்குற சர்க்கரைக்கு கிராம் கணக்குல வரி, அதனால சில டிரிங்க்ல சர்க்கரைய குறைச்சிட்டாங்க, ஆனா வெயில்ல ஓட்டிட்டு போயி குடிக்கிறவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் எங்க ஞாபகம் வருது.

பனி சவ் (bunny chow) இருக்கேன்னு கேப்பீங்க, ரொட்டிய குடைஞ்சு உள்ள கறி ஊத்தித் தர்ற டர்பன் சாப்பாடு. பீன்ஸ் பனி எனக்கும் உசுரு தான், இல்லேங்கல. ஆனா அத தினம் சாப்பிடுற சாப்பாடா வச்சிக்க முடியாது. 700 கிராம் ரொட்டில கால் ரொட்டின்னா 175 கிராம். 2016ல இங்க ரொட்டிக்கு உப்பு இவ்ளோ தான் போடணும்னு சட்டமே கொண்டு வந்தாங்க, 2019ல இன்னும் இறுக்கி 100 கிராமுக்கு சோடியம் 380 மில்லிகிராம் தான் உச்சம்னு வச்சாங்க. அந்த உச்சத்துல இருக்குற ரொட்டின்னா வெறும் கால் ரொட்டிலயே 665 மில்லிகிராம் சோடியம், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2000க்கு கீழ இருக்கணும்னு சொல்லுது, இதுல கறி உப்பு இன்னும் சேக்கவே இல்ல. உப்பு போதாதுன்னு கம்பெனி மெடிக்கல்ல ஃபாஸ்டிங் சுகர் வேற பார்டர்ல நிக்குதுன்னு சொன்னதும் தான் நான் இந்த டப்பா பக்கம் திரும்புனேன்.

சரி டப்பாவுக்கு வருவோம். 40 வாட்டுன்னா எவ்ளோ கம்மின்னு புரிஞ்சிக்கிட்டா பாதி ஏமாத்தம் இருக்காது. மைக்ரோவேவ் மாதிரி ரெண்டு நிமிஷ வேலை கிடையாது. அரை கிலோ சாப்பாடு, குளிர்ப்பைல இருந்து எடுத்த ஜில்லுல இருந்து நல்லா ஆவி வர்ற அளவுக்கு போகணும்னா கணக்குப்படியே 40லருந்து 50 நிமிஷம், வெளிய போற சூட்டையும் சேத்தா ஒரு மணி நேரம் ஆகும். வெளி டப்பாவுக்குள்ள அடியில ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டு அதுக்கு மேல எவர்சில்வர் உள் டப்பாவ வைக்கணும், தண்ணி விடாம வச்சா சூடு சரியா ஏறாது, நேரம் இன்னும் இழுக்கும். இத பல பேரு படிக்காம விட்டுட்டு டப்பா வேலை செய்யலன்னு ஒத்த ஸ்டார் போட்டு வச்சிருக்காங்க.

அதனால பசிச்ச பிறகு ஸ்விட்ச் போட்டா பிரயோஜனம் இல்ல, பசிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும். டர்பன்ல இருந்து ஏறும்போது மூயி ரிவர் டோல்ல காசு குடுக்கிற கையோட நான் சொருகிருவேன், ஹாரிஸ்மித் வர்றதுக்கு ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும், கரெக்டா இருக்கும். வான் ரீனன் பாஸ்ங்கிற மலைப்பாதைல லாரி கவுந்து நிறுத்தி வச்சாங்கன்னா இன்னும் வசதி, எல்லாரும் ஹாரன் அடிச்சிட்டு இருக்கும்போது நம்ம சாம்பார் சாதம் தயாரா இருக்கும். 2024 செப்டம்பர்ல பனி கொட்டி அந்த ரோட்ட மூடி, ஜனங்க ராத்திரி பூரா கார்லயே கிடந்தாங்க, அதுக்கப்புறம் குளிர்காலத்துல யாரும் வண்டில சாப்பாடு இல்லாம அந்தப் பக்கம் போகாதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.

ஹாரிஸ்மித்ல நிறுத்தி மூடிய தொறக்கும்போது பாத்தா ஓரத்துல பீன்ஸ் குழம்பு கொதிச்சு குமிழ் குமிழா வரும், நடுவுல ஸ்பூன விட்டா ஜில்லுனு இருக்கும். எல்லா டப்பாலயும் இந்தக் கோளாறு தான். வழி என்னன்னா, இடையில வண்டிய ஓரம் கட்டி ஒரு தடவ கிளறி விடணும், வழியில எஸ்கோர்ட் ஊரு பக்கம் பாத்ரூம் போக நிறுத்துவீங்கல்ல, அப்ப பண்ணிக்கலாம். ஓட்டிக்கிட்டே மூடிய தொறக்கிற வேலை மட்டும் வச்சிக்காதீங்க.

பேட்டரி தீந்துருமான்னு நிறைய பேரு கேக்குறாங்க. 40 வாட்டுக்கு 12 வோல்ட்டுல மூணேகால் ஆம்பியர் போல தான் இழுக்கும், இஞ்சின் ஓடும்போது ஒண்ணுமே இல்ல. நிறுத்தி வச்ச வண்டில நிறைய மாடல்ல சாவி எடுத்ததும் சாக்கெட் செத்துரும், அதனால ஆஸ்பத்திரி பார்க்கிங்ல விட்டுட்டு உள்ள போயிட்டு வந்தா சூடா இருக்கும்னு நம்பாதீங்க. கெஸ்ட் ஹவுஸ்ல போட 220 வோல்ட் ஒயரும் சேத்தே குடுக்குறாங்க, ஆனா அது ரெண்டு பின்னு, இங்க சுவர்ல இருக்கிறது நம்ம ஊரு 15 ஆம்பியர் குண்டு மூணு பின்னு மாதிரியே, அடாப்டர் ஒண்ணு பையிலயே போட்டு வச்சிக்கங்க. 2023ல லோட் ஷெட்டிங்னு கரண்ட் கட் தலைவிரிச்சு ஆடுனப்ப கெஸ்ட் ஹவுஸ் மைக்ரோவேவ் எல்லாம் சும்மா அலங்காரத்துக்கு தான் இருந்துச்சு, அப்ப கார்ல உக்காந்து சூடு பண்ணி சாப்பிட்டவன் நான்.

இப்ப முக்கியமான விஷயம், ரிவ்யூ போடுற யாருமே இத சொல்ல மாட்டேங்குறாங்க. சூடு பண்றத விட, சூடு பண்ற வரைக்கும் ஜில்லுனு வச்சிருக்கிறது தான் பெரிய வேலை. சோறு விஷயத்துல ரொம்ப. வடிச்ச சோத்துல பேசிலஸ் செரியஸ்னு ஒரு கிருமியோட விதை மாதிரி ஒண்ணு கொதிச்சும் சாகாம இருக்கும், வெளிய வெதுவெதுன்னு கிடந்தா அது முளைச்சு பெருகி விஷத்த கக்கும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணாலும் போகாது. காலைல சோத்த டப்பாவுல போட்டு சீட்ல வச்சிட்டு மத்தியானம் ஸ்விட்ச் போட்டா வயித்தால போறது நிச்சயம்னு சொல்லல, ஆனா டர்பன் வெயில்ல பூட்டுன கார் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதனால குளிர்ப்பை ஒண்ணு, ஐஸ் பிரிக் ரெண்டு, இதுக்கு தனியா காசு எடுத்து வச்சிட்டு தான் இந்த பாக்ஸ வாங்கணும். நான் என்ன பண்றேன்னா பீன்ஸ் கறிய முந்தின நாள் ராத்திரியே ஃப்ரீசர்ல கட்டியா உறைய வச்சிருவேன், அந்தக் கட்டியே பையில ஐஸ் வேலையும் பாத்துரும், மத்தியானத்துக்குள்ள முக்காவாசி இளகிரும். இளகாம அப்படியே சொருகினா மட்டும் நேரம் டபுள் ஆயிரும்.

எது எது செட் ஆகுதுன்னு பாத்தா, சுகர் பீன்ஸ்னு இங்க சொல்ற காஞ்ச பீன்ஸ் கொட்டை கறி தான் நம்பர் ஒன், டர்பன் வீடுகள்ல செய்ற மாதிரி மசாலாவோட நல்லா குழைய வச்சது, சூடு பண்ண பண்ண ருசி கூடுது. பருப்பும் கீரையும் அடுத்து. கீரைக்கு டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்குற பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு வெள்ளி சனில போனீங்கன்னா கட்டு கட்டா கிடைக்கும், குளிர்காலம்னா மடும்பியும் வரும், அதான் நம்ம சேப்பங்கிழங்கு இனம், வேக வச்சு எடுத்துட்டு போனா சோத்துக்கு பதிலா அதையே சாப்பிடலாம். இட்லி எதிர்பாக்காத சந்தோசம், அடித்தண்ணி ஆவில பஞ்சு மாதிரி வந்துருது. சாம்ப் அண்ட் பீன்ஸும் நல்லா வருது, உடைச்ச மக்காச்சோளம் தானே, எவ்ளோ நேரம் சூடுல கிடந்தாலும் குழைஞ்சு போகாத குணம். சப்பாத்தி வேண்டவே வேண்டாம், ஆவில நனைஞ்சு களியாயிருது. பொரியல் வைக்க மேல ஒரு குட்டி பிளாஸ்டிக் தட்டு குடுக்குறாங்க, அது சூடே ஆகாது, வெள்ளரிக்கா கேரட் நறுக்கி போட்டுக்கங்க. தயிர் சாதத்துக்கு பாக்ஸே வேணாம், குளிர்ப்பையில இருந்து அப்படியே எடுத்து சாப்பிடலாம். தயிர் தீந்துருச்சுன்னா எந்த சூப்பர் மார்க்கெட்லயும் ரெண்டு லிட்டர் அமாசி, அதாவது இந்த ஊரு புளிச்ச பால், வாங்கலாம், கடுகு தாளிச்சு சோத்துல பிசைஞ்சா நம்ம வீட்டு புளிச்ச தயிருக்கு பக்கத்துல வந்துருது, எனக்கு என்னமோ தயிர விட அதே தேவலாம்னு ஆயிருச்சு.

ஒன்றரை லிட்டர் டப்பான்னு ஒரு ஆபத்து இருக்கு, இடம் இருக்கேன்னு சோத்த அமுக்கி அமுக்கி வைக்கத் தோணும். வீட்டு சாப்பாடுங்கிறதாலயே சுகர் இறங்கிராது, ஒன்றரை லிட்டர் சோறு பெட்ரோல் பங்க் கறி பைய விட மோசமா கூட போகலாம். நான் மூணுல ஒரு பங்கு சோறு, மிச்சம் பீன்ஸோ பருப்போ கீரையோன்னு வச்சிக்கிறேன், அந்த உள் டப்பால ஒரு கோடு இருக்கு, அதுக்கு மேல நிரப்பினா வளைவுல சாம்பார் மூடியில இருக்குற கேஸ்கெட் ரப்பர் வழியா கசியும்கிறதால அளவும் தானா கட்டுப்படுது. நேரம் தப்பிப் போற நாளுக்கு பையில கொண்டைக்கடலை சுண்டலோ வறுத்த நிலக்கடலையோ எப்பவும் கிடக்கும், நாலு மணி வரைக்கும் சாப்பாடு தள்ளிப் போனாலும் கறி பை வாங்கத் தோணாது. ராத்திரி பத்து மணிக்கு ரூமுக்கு வந்து சேர்ற அன்னிக்கு சோறு கிடையாது, அமாசி ஒரு டம்ளர் குடிச்சிட்டு படுத்துருவேன்.

குறை சொல்லணும்னா வாசனைய தான் முதல்ல சொல்லணும். பெருங்காயம் போட்ட சாம்பார் ஒரு மணி நேரம் கார்ல மூச்சு விட்டா சீட்டு துணில ஏறிரும், உங்க சட்டைலயும் ஏறிரும், அப்புறம் லேப் மேனேஜர் முன்னாடி போய் நின்னா அவங்க மூக்கு உறிஞ்சுறது நமக்கே தெரியும். மீட்டிங் இருக்குற நாள்ல இட்லி மட்டும் கொண்டு போறேன். அடுத்தது ஓரத்துல இருக்குற கிளிப்பு. எனக்கு வந்த பாக்ஸ்ல ஒரு கிளிப்பு கொஞ்ச நாள்லயே ஒடிஞ்சுது, வாங்குன ஆன்லைன் கடைக்காரன் மாத்தித் தர மாட்டேன், வாரண்டி முப்பது நாள் தான்னு சாதிச்சான். இங்க நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2008ல போட்டது இருக்கு, அதுல 56ஆம் பிரிவுப்படி பொருள் பழுதுன்னா வாங்கி ஆறு மாசத்துக்குள்ள திருப்பிக் குடுக்கலாம், ரிப்பேரா வேற பொருளா காசான்னு முடிவு பண்றது நம்ம உரிமை, கடைக்காரன் தனியா போட்டுக்கிற முப்பது நாள் விதி அத வெட்டாது. இந்தப் பிரிவு நம்பர ஒரு மெயில்ல எழுதுனதும் ரெண்டாம் நாள் புது பாக்ஸ் வந்துருச்சு. பில்ல பத்திரமா வைங்க.

கேஸ்கெட் ரப்பர் தனியா எங்கயும் கிடைக்கல, கழுவும்போது கழட்டி நிழல்ல காய வைங்க, இல்லன்னா மஞ்சள் ஏறி பூசணம் பிடிக்கும். எவர்சில்வர் உள் டப்பா மட்டும் எக்ஸ்ட்ரா ஒண்ணு சேத்து விக்கிற செட்டு வந்தா அதையே வாங்குங்க, ஒண்ணு ஃப்ரீசர்ல ஒண்ணு கார்ல இருக்கும்.

டவுனுக்குள்ளயே சுத்துறவங்களுக்கு இது தேவையில்ல, ஆபீஸ்ல மைக்ரோவேவ் இருக்கும். ஒரே ஓட்டமா ரெண்டு மணி நேரமாவது ரோட்டுல இருக்கிறவங்க, அதுலயும் புரட்டாசி மாசம் விரதம் இருக்கிறவங்க தாராளமா வாங்கலாம், டர்பன்ல நிறைய தமிழ் வீட்டுல அந்த மாசம் பூரா கறி மீன் தொட மாட்டாங்க, ரோட்டுல போறவங்க பாடு தான் திண்டாட்டம். எங்க வீட்டு ஓனர் ஆன்ட்டி இதப் பாத்துட்டு "தம்பி, என் மவனுக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, அவன் ரோட்டுலயே கண்டதத் தின்னு வயித்த கெடுத்துக்கிறான்"னு பின்னாடியே வந்தாங்க. அவரு ஓட்டுறது பெரிய லாரி, அதுல 24 வோல்ட், இந்த 12 வோல்ட் பாக்ஸ அதுல சொருகினா கருகிரும். 24 வோல்ட் மாடல் டர்பன்ல எந்தக் கடைல இருக்குன்னு தெரிஞ்சவங்க கீழ சொல்லுங்க, புரட்டாசி பொறக்கிறதுக்குள்ள வாங்கிக் குடுக்கணும், இல்லன்னா ஆன்ட்டி என்ன விட மாட்டாங்க.